தேய்ந்த ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு எந்த பிஸ்டன் போடுவது?

சம்பாவும் தாளடியும் அறுத்து முடித்த பிறகுதான் டெல்டாவில் இன்ஜின் வேலை சூடு பிடிக்கும். மார்ச் மாதத்தில் மன்னார்குடி, கும்பகோணம், பட்டுக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் பட்டறை வாசலில் ஓர் அறுவடை மிஷினாவது ஹெட் கழற்றிய நிலையில் நிற்கும். பக்கத்தில் நெல் மூட்டை ஏற்றும் பழைய லாரி ஒன்று. இரண்டுக்கும் ஒரே புகார்: ஆயில் குடிக்கிறது, பேக் கம்ப்ரஷன் (எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குவது) அடிக்கிறது, இழுவை இல்லை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் குறுவை செப்டம்பர் வாக்கில் அறுப்புக்கு வரும். அதற்குள் இன்ஜினைக் கட்டி, ஓட்டிப் பழக்கி வைத்திருக்க வேண்டும். கோடை நெல் போடுகிற ஊர்களில் இந்த இடைவெளி இன்னும் குறைவு.

இந்த அவசரத்தில் பலர் செய்வது, பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடலை, கழுவுவதற்கு முன்பே ஸ்பேர் கடைக்குப் போய் "ஆறு சிலிண்டர் செட் ஒண்ணு கொடுங்க" என்று பிஸ்டனை வாங்கிவிடுவது. சில சமயம் அது பொருந்திவிடும். பொருந்தாவிட்டால், கையில் இருக்கும் பிஸ்டனுக்காகப் பிளாக்கை வெட்டும் கதையாகிவிடும். எந்த பிஸ்டன் என்பதைத் தேய்ந்த சிலிண்டரின் அளவு முடிவு செய்ய வேண்டும். பிராண்டு, விலை, கடைக்காரரின் உத்தரவாதம் எல்லாம் அதற்கு அடுத்துதான்.

பிளாக் எந்த ரகம்?

நம் பக்கம் ஓடும் ஆறு சிலிண்டர் டீசல்கள் எல்லாம் ஒரே மாதிரி கட்டப்பட்டவை இல்லை. பழைய டாடா லாரிகளில் இருக்கும் 697, மெர்சிடிஸ் ஓ.எம். 352 வழியில் வந்தது. 97 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 128 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), கொள்ளளவு 5675 சி.சி. அதற்கு முந்தைய 692-க்கு போர் 92 மி.மீ. லேலண்டின் எச் வரிசை, ஜப்பானின் ஹினோவிடமிருந்து வந்த வடிவம், 104 மி.மீ. போர், 113 மி.மீ. ஸ்ட்ரோக், 5759 சி.சி. டாடா வண்டிகளில் பின்னால் வந்த கம்மின்ஸ் 6பிடி 102 மி.மீ. போர், 120 மி.மீ. ஸ்ட்ரோக், 5883 சி.சி. பஞ்சாபில் கட்டி இங்கே வரும் டயர் அறுவடை மிஷின்கள் பலவற்றில் இருப்பதும் லேலண்டின் ஆறு சிலிண்டர்தான். சேற்றில் இறங்கும் பெல்ட் மிஷின்கள் பெரும்பாலும் நான்கு சிலிண்டர், அதனால் அவை இந்தப் பேச்சில் வராது.

கொள்ளளவு எல்லாம் அருகருகே இருந்தாலும் வேலை செய்யும் வழி வேறு. 697-இல் பிளாக்குக்குள் மெல்லிய உலர் லைனர் (தண்ணீர் படாத, தனியாக மாற்றக்கூடிய சிலிண்டர் குழாய்) இறக்கிக் கட்டுவது நம் பட்டறைகளின் வழக்கம். லைனர் தேய்ந்தால் அதை அழுத்தி எடுத்துவிட்டுப் புதியதை இறக்கலாம். 6பிடியில் லைனர் கிடையாது. பிஸ்டன் நேரே பிளாக்கின் இரும்பில் ஓடுகிறது. அது தேய்ந்தால் போரைப் பெரிதாக்கி ஓவர் சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அசல் (ஸ்டாண்டர்ட்) அளவைவிட 0.50 மி.மீ., 1.00 மி.மீ. பெரியது என்று இரண்டு அளவில் கிடைக்கும். மூன்றாவது ரகம் ஈர லைனர். அதன் வெளிப்புறத்தில் ரேடியேட்டர் தண்ணீர் நேராகப் பட்டுக்கொண்டிருக்கும். உங்கள் இன்ஜின் இதில் எது என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

மீதிப் பாதிக்கு போர் டயல் கேஜ் வேண்டும். வெர்னியரை உள்ளே விட்டுப் பார்ப்பது அளவே இல்லை. ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) திரும்பும் இடம், நடு, அடி என்று மூன்று உயரத்தில் அளக்க வேண்டும். ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு திசை: கிராங்க் தண்டுக்கு நேர்வாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று. ஆறு சிலிண்டருக்கு முப்பத்தாறு எண்கள். அவற்றை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் பட்டறையில் போரிங் (சிலிண்டரை வெட்டிப் பெரிதாக்கும் வேலை) கொடுக்க எனக்கு மனசு வராது.

மேலே அதிகமாகவும் அடியில் குறைவாகவும் தேய்வது இயல்பு. எரியும் அழுத்தம் மேலேதான் உச்சத்தில் இருக்கிறது. மேலே ரிங் ஒரு கணம் நின்று திரும்புவதால் ஆயில் படலமும் அங்கே மெலிகிறது. குறுக்குவாக்கில் அதிகம் தேய்வதும் இயல்பே, கனெக்டிங் ராட் சாய்ந்து பிஸ்டனைத் தள்ளுவது அந்தப் பக்கம்தான். எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பதை அந்தந்த இன்ஜின் புத்தகம் சொல்லும். கம்மின்ஸ் பி வரிசைக்கு வட்டம் கோணுவதில் 0.038 மி.மீ., மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசத்தில் 0.076 மி.மீ. வரைதான் அனுமதி. தலைமுடியின் கனம் அளவுக்குத்தான் இந்தப் பேச்சே. விரலால் தடவிப் பார்த்து "போர் நல்லா இருக்கு" என்று சொல்வதை எதில் சேர்ப்பது?

ஆறு சிலிண்டரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மோசம் என்றால் அந்த சிலிண்டரின் நாசில் (டீசல் பீய்ச்சும் முனை) சொட்டி, டீசல் சுவரின் ஆயிலைக் கழுவியிருக்கலாம். எல்லாமே மேல்பக்கம் வெகுவாகத் தேய்ந்து, முதல் ரிங்கும் மெலிந்திருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. அறுவடை மிஷினில் இதுதான் முக்கால்வாசி காரணம். நெல் உமியில் சிலிக்கா மிக அதிகம், வயல் புழுதியும் சேர்ந்துகொள்ளும். ஏர் கிளீனருக்குப் பிறகு வருகிற ரப்பர் ஹோஸில் விரிசலோ கிளாம்ப் தளர்ச்சியோ இருந்தால், ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த பிஸ்டனைப் போட்டாலும் அடுத்த தாளடிக்குள் அதே புகை.

பழைய பிஸ்டனிலேயே ரிங் மட்டும்

பட்டறையில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. "தம்பி, இந்த சீசனுக்கு ரிங்கு போட்டு ஓட்டிடுவோம், அடுத்த வருஷம் பெரிய வேலை பார்த்துக்கலாம்." மேஸ்திரி இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கையில் பணம் இல்லாதபோது, அறுப்பு தலைக்கு மேல் நிற்கும்போது, ஓர் ஆறுமாதம் தாண்ட இது உதவும். ஆனால் அதற்கு மூன்று நிபந்தனை.

போர் அளவு புத்தகத்தின் வரம்புக்குள் இருக்க வேண்டும். பிஸ்டனின் முதல் ரிங் பள்ளத்தில் புதிய ரிங்கை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் இடைவெளி வரம்புக்குள் இருக்க வேண்டும். பள்ளம் அகன்றிருந்தால் புது ரிங் அதில் மேலும் கீழும் அடித்துக்கொண்டு ஆயிலை மேலே ஏற்றும். சரிவாக வெட்டிய முதல் பள்ளம் என்றால் சாதாரண ஃபீலர் அளவு சரியாக வராது, அதற்கென உள்ள முறையில் பார்க்க வேண்டும். மூன்றாவது, சிலிண்டரின் தலையில் தேயாமல் நிற்கும் விளிம்பை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கூர்மையான புது ரிங் அதில் முட்டி, ரிங்கோ இரண்டு ரிங்குகளுக்கு இடைப்பட்ட பிஸ்டன் பகுதியோ உடையும்.

சுவரில் கண்ணாடி போல மினுக்கம் ஏறியிருந்தால் ஹோன் (சாணைக்கல்) அடித்துக் குறுக்குக் கோடு எடுக்காமல் ரிங் உட்காராது. குரோம் ரிங் என்றால் இன்னும் பிடிவாதம். இந்த மூன்றும் தேறினால் ரிங் போடலாம், லாரிக்கு ஓரளவு ஓடும். அறுவடை மிஷினுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது அறுப்புக் காலத்தில் ஒரே வேகத்தில், முழு லோடில், மணிக்கணக்காக ஓடுகிற வண்டி. நடுவில் நின்றால் வாடகை போவது மட்டுமா, அந்தக் கரையில் அடுத்த வருஷம் கூப்பிடவும் மாட்டார்கள்.

லைனருடன் ஸ்டாண்டர்ட் பிஸ்டன்

லைனர் உள்ள இன்ஜினில் நான் யோசிக்காமல் தேர்ந்தெடுப்பது இதைத்தான். பிஸ்டன், ரிங், பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைப்பது), சர்க்கிளிப் (பின் நழுவாமல் பிடிப்பது), லைனர் எல்லாம் சேர்ந்து ஒரு செட்டாக வருகிறது. பிஸ்டனும் லைனரும் ஒரே கம்பெனி சேர்த்துக் கொடுப்பதால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி முன்பே கணக்கிடப்பட்டது. பிளாக்கின் இரும்பு கையே படாமல் அப்படியே இருக்கிறது. பத்து வருஷம் கழித்து மறுபடி தேய்ந்தாலும் மறுபடி ஸ்டாண்டர்டுக்கே வரலாம்.

உலர் லைனரில் இரண்டு வகை விற்கிறார்கள். முழுக்க முடித்தது ஒன்று, இறக்கிவிட்டு போரிங் செய்து ஹோன் அடிக்க வேண்டிய அரைகுறை ஒன்று. முடித்ததை இறக்குவது சீக்கிரம். ஆனால் பழைய பிளாக்கில் லைனர் உட்காரும் துளையே கோணியிருந்தால், முடித்த லைனரும் அந்தக் கோணலையே வாங்கிக்கொள்ளும். மெல்லிய சுவர், அதற்கென்று ஒரு வடிவம் கிடையாது. ஓரிரு முறை லைனர் மாற்றிய பிளாக் என்றால் அரைகுறை லைனரை இறக்கி, அதன் பிறகு போர் எடுப்பதுதான் நேராக வரும். கூலி கூடுதல், நேரம் கூடுதல், பரவாயில்லை.

லைனர் துளையில் இறுக்கம் இல்லாமல் தளர்வாக இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். "கொஞ்சம் பேஸ்ட் தடவி இறக்கிடலாம்" என்பது கேட்கக் கூடாத யோசனை. லைனருக்கும் பிளாக்குக்கும் நடுவில் காற்றிடைவெளி இருந்தால் சூடு வெளியே போகாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வெளிவிட்டம் பெரிதான லைனர் கிடைத்தால் துளையைச் சுத்தமாக வெட்டி அதை இறக்கலாம்.

ஈர லைனரில் கவலை வேறு இடத்தில். லைனரின் தோள் பிளாக்கின் மேல்முகத்துக்கு மேலே எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பதை ஆறிலும் டயல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தாலும் ஹெட் கேஸ்கெட் அங்கே ஊதும். பழைய லைனரை எடுத்ததும் வெளிப்புறத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஊசியால் குத்தியதுபோல் துளைத் துளையாக இருந்தால், லைனர் அதிரும்போது தண்ணீரில் உண்டாகும் குமிழிகள் வெடித்து இரும்பை அரித்திருக்கின்றன. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பேறிய போர்வெல் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். துரு மேலே துரு. புது லைனர் போடும்போது கூலன்ட்டும் சேர்த்துக் கணக்கில் வையுங்கள். பிஸ்டன் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவில்லை.

ஓவர் சைஸ்

லைனர் இல்லாத பிளாக்கில் இதைத் தவிர்க்க முடியாது. லைனர் உள்ள இன்ஜினிலும் சுவர் கனமாக இருந்தால் சிலர் போர் எடுத்து ஓவர் சைஸ் போடுவார்கள். அங்கே எனக்கு அதில் ஆர்வமில்லை, லைனரையே மாற்றிவிடலாமே.

ஓவர் சைஸ் போட்டால் இழுவை கூடும் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6பிடியில் போர் 102-லிருந்து 102.5 ஆனால் கொள்ளளவு 5883-லிருந்து சுமார் 5941 சி.சி. ஆகிறது. 103 ஆனால் சுமார் 5999. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம். பம்ப் கொடுக்கும் டீசல் மாறாதபோது இதனால் வண்டி எதையும் உணராது. வேலை முடிந்து இழுவை கூடியதாகத் தெரிவதெல்லாம் போன கம்ப்ரஷன் திரும்பி வந்ததுதான்.

இங்கே நிஜமான கேள்வி, எந்த ஓவர் சைஸ் என்பது. அதிகம் தேய்ந்த சிலிண்டரை வைத்துத்தான் மற்ற ஐந்தையும் வெட்ட வேண்டும். அந்த ஒன்று 0.50-இல் சுத்தமாகிவிடும் என்று அளவு சொன்னால் 0.50-இலேயே நிறுத்துங்கள். "எப்படியும் பெருசாத்தானே போகப் போகுது, 1.00 போட்டுடலாம்" என்பது ஒரு முழு இன்ஜின் ஆயுளைத் தூக்கிக் கொடுப்பது. ஐந்து சிலிண்டர் 0.50-க்குச் சரியாக வந்து, ஆறாவது மட்டும் பிஸ்டன் பிடித்து ஆழமாகக் கீறியிருந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்லீவ் (லைனர் போன்ற குழாய்) இறக்கி, ஆறையும் 0.50-க்குக் கொண்டுவருவேன். ஒரு சிலிண்டருக்காக மற்ற ஐந்தின் இரும்பை வீணாக்க வேண்டாம். ஏற்கெனவே 1.00 ஓடித் தேய்ந்த பிளாக் என்றால் ஆறிலும் ஸ்லீவ் இறக்கி ஸ்டாண்டர்டுக்குத் திரும்பலாம். செலவு ஏறும், நல்ல போரிங் மிஷினும் பொறுமையான கையும் வேண்டும். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ அப்படிப்பட்ட பட்டறையைத் தேடிப் போவதே நல்லது.

வேலையின் வரிசையைப் பலர் மாற்றிவிடுகிறார்கள். முதலில் போரை அளக்க வேண்டும், அதற்கேற்ற அளவில் பிஸ்டன் வாங்க வேண்டும், அப்புறம்தான் வெட்ட வேண்டும். வெட்டும்போது பிஸ்டன்கள் போரிங் பட்டறையில் இருக்க வேண்டும். பெட்டியில் 0.50 என்று போட்டிருப்பதை நம்பி வெட்டக் கூடாது. ஒவ்வொரு பிஸ்டனின் ஸ்கர்ட்டையும் (ரிங்குகளுக்குக் கீழுள்ள பக்கச்சுவர்) பின்னுக்குக் குறுக்குவாக்கில், கம்பெனி சொன்ன உயரத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அதற்கு மேல் இடைவெளியைக் கூட்டி வெட்ட வேண்டும். பிஸ்டன் உருளை வடிவம் என்றுதான் தோன்றும். உண்மையில் அது லேசான நீள்வட்டம், தலைப்பக்கம் சற்றுச் சிறுத்தும் இருக்கும். தலைப்பக்கத்தில் அளந்து வெட்டினால் இடைவெளி குறைந்து, முதல் லோடிலேயே பிடித்துக்கொள்ளும். அளந்த ஒவ்வொன்றுக்கும் எந்த சிலிண்டர் என்று எண் போட்டுவிடச் சொல்லுங்கள்.

ஆறும் ஓர் எடை

இன்லைன் ஆறு சிலிண்டரின் அழகே அதன் அமைதி. கிராங்க்கின் கைகள் 120 டிகிரியில் இருக்கின்றன. ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும் ஜோடியாக ஏறி இறங்கும். மேலே போகும் பிஸ்டன்களின் உதறலைக் கீழே வருபவை அப்படியே ஈடுகட்டிவிடுகின்றன. நான்கு சிலிண்டரில் மிச்சம் நிற்கும் இரண்டாம்படி அதிர்வுகூட (கிராங்க்கைப்போல இருமடங்கு வேகத்தில் வருவது) இதில் கிடையாது. ஆனால் இதெல்லாம் ஆறு பிஸ்டனும் ஒரே எடையில் இருந்தால்தான்.

ஒரு பிஸ்டன் மட்டும் உடைந்தது என்று அதை மட்டும் வேறு கம்பெனியில் வாங்கிப் போடுகிறார்கள். 697-இல் அது மற்றவற்றைவிட 30 கிராம் கனம் என்று வைத்துக்கொள்வோம். 2400 ஆர்.பி.எம்.-இல் அந்த 30 கிராம் உண்டாக்கும் விசை சுமார் 12 கிலோ எடைக்குச் சமம். நொடிக்கு நாற்பது முறை அது மேலும் கீழும் இழுக்கும். இன்ஜின் மவுண்டிங், பைப் ஜாயின்ட், மெயின் பேரிங் எல்லாம் இந்தக் கணக்கைத் தீர்க்கும். பெரிய டீசல் பிஸ்டன் ஒரு கிலோவைத் தாண்டும், அதில் 30 கிராம் கையில் தூக்கிப் பார்த்தால் தெரியாது. மளிகைக் கடையின் டிஜிட்டல் தராசு போதும். பின்னோடு சேர்த்து ஆறையும் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். நல்ல செட்டில் வித்தியாசம் சில கிராம்தான் இருக்கும். கூடுதல் என்றால் கடையிலேயே மாற்றிக் கேளுங்கள். கனெக்டிங் ராடையும் அதேபோல் பார்த்துவிடுங்கள்.

ஆறு பிஸ்டனில் ஐந்து நன்றாக இருக்கும்போது ஒன்றை மட்டும் மாற்றுவது தப்பா என்றால், அதே கம்பெனி, அதே பார்ட் நம்பர், அதே எடை என்றால் தப்பில்லை. அந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பதுதான் அபூர்வம்.

போர் பொருந்தினால் பிஸ்டன் பொருந்துமா?

பொருந்தாது. இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது.

நேரடி இன்ஜெக்‌ஷன் டீசலில் பிஸ்டன் தலையில் ஒரு கிண்ணம் இருக்கிறது. டீசல் அதற்குள்தான் பீய்ச்சப்பட்டு எரிகிறது. அந்தக் கிண்ணத்தின் அகலம், ஆழம், வாயின் வளைவு எல்லாம் நாசிலின் துளைக் கோணத்தோடும் பம்ப் டைமிங்கோடும் சேர்த்துத் தீர்மானிக்கப்பட்டவை. ஒரே குடும்பத்து இன்ஜினில் டர்போ இல்லாததும் டர்போ உள்ளதும் இருக்கும், போர் அளவு ஒன்றே, கிண்ணம் வேறு. மாற்றிப் போட்டால் ஸ்டார்ட் ஆகும், ஓடும், கரும்புகை விடும், சூடேறும். மெக்கானிக் பம்ப்பைக் குறை சொல்வார், பம்ப்காரர் நாசிலைக் குறை சொல்வார். பழைய பிஸ்டன் ஒன்றைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கிண்ணம், வால்வுக்கு விட்ட பள்ளம், பின் விட்டம், அடியிலிருந்து ஆயில் பீய்ச்சும் ஜெட் இருந்தால் அதற்கு ஸ்கர்ட்டில் விட்ட வெட்டு. முன்பு யாரோ தவறான பிஸ்டன் போட்ட இன்ஜினாகவும் இருக்கலாம் என்பதால் இன்ஜின் நம்பரை வைத்துப் பார்ட் நம்பரையும் சரிபார்ப்பது நல்லது.

பின்னின் நடுவிலிருந்து தலை வரை உள்ள உயரம் அடுத்தது. பிளாக்கின் மேல்முகத்தை ஃபேஸிங் செய்திருந்தால் (சமமாகச் சீவியிருந்தால்) பிஸ்டன் முன்பைவிட மேலே வந்து நிற்கும். டீசலில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இடமே மிகக் குறைவு. எழும்பல் எவ்வளவு என்று ஆறிலும் டயல் வைத்துப் பார்த்து, வரம்பு மீறினால் கனமான கேஸ்கெட் கிடைக்குமா, உயரம் குறைந்த பிஸ்டன் கிடைக்குமா என்று தேட வேண்டும். பிஸ்டன் தலையைக் கடைசலில் சீவிவிடுவது வேண்டாம், கிண்ணத்தின் ஆழமும் அதோடு போய்விடும்.

யாருடைய பிஸ்டன், எந்த உலோகம்

வண்டிக் கம்பெனியின் ஜெனுயின் பெட்டி, வண்டிக் கம்பெனிகளுக்கே பிஸ்டன் செய்துகொடுக்கும் ஆட்கள் தங்கள் பெயரில் விற்கும் பெட்டி, பெயர் தெரியாத மலிவு செட். கடையில் இருப்பது இந்த மூன்றுதான். நம் நாட்டில் பிஸ்டன் செய்கிறவர்கள் பழம்பெரும் ஆட்கள். சென்னை செம்பியத்தில் 1949-இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், பாட்டியாலாவிலும் பெங்களூரிலும் ஆலை உள்ள கோயட்ஸே, உஷா என்ற பெயரில் விற்கும் ஸ்ரீராம் பிஸ்டன்ஸ் என்று வரிசை இருக்கிறது. என் தேர்வு நடுவில் உள்ளது: செய்கிறவர்களின் சொந்தப் பெட்டி. ஜெனுயினோடு ஒப்பிட்டால் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, விலை குறைவு. ஆனால் எந்தப் பெயருக்கும் போலி உண்டு. அதனால் பில் போடும் கடையில் வாங்குங்கள், பெட்டியில் ஒட்டிய சீட்டையும் பிஸ்டன் தலையில் உள்ள குறியையும் ஒப்பிடுங்கள்.

மலிவு செட்டில் நான் முதலில் பார்ப்பது முதல் ரிங் பள்ளம். கனரக டீசல் பிஸ்டனில் அந்தப் பள்ளம் அலுமினியத்தில் நேராக வெட்டப்பட்டிருக்காது. நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு வளையம் ஒன்றை உள்ளே வைத்து வார்த்து, அதில் பள்ளம் எடுத்திருப்பார்கள். பள்ளத்தின் ஓரத்தில் நிறம் மாறிய வளையமாக அது கண்ணுக்கே தெரியும். காந்தம் வைத்துச் சோதிக்காதீர்கள், அந்த இரும்பில் காந்தம் சரியாக ஒட்டாது. வளையமே இல்லாத பிஸ்டன் என்றால், முதல் ரிங் அலுமினியத்தைச் சீக்கிரம் அடித்து அகலமாக்கிவிடும். உங்கள் பழைய பிஸ்டனில் வளையம் இருந்து புதியதில் இல்லை என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

ஃபோர்ஜ்டு பிஸ்டன் பற்றி இணையத்தில் படித்துவிட்டுக் கேட்கிறவர்கள் உண்டு. பந்தயக் காருக்கு அது சரி. அதில் பெரும்பாலும் சிலிக்கான் குறைவான அலுமினியம் பயன்படும், சூட்டில் அதிகம் விரியும், அதனால் இடைவெளி அதிகம் விட வேண்டும், காலையில் ஸ்டார்ட் செய்தால் தட்டும். நம் லாரிக்கும் மிஷினுக்கும் சுமார் 12 சதவீதம் சிலிக்கான் கலந்த வார்ப்பு அலுமினியமே போதும். சிலிக்கான் சேர்வதால் விரிவு குறைந்து, இடைவெளியை இறுக்கமாக வைக்க முடிகிறது. ஸ்கர்ட்டில் கறுப்பாக கிராஃபைட் பூச்சு இருந்தால் நல்லது, அதற்காகத் தேடி அலைய வேண்டாம்.

காயலான் கடையில் "கொஞ்சம்தான் ஓடினது" என்று கிடைக்கும் பிஸ்டன் பற்றி ஒரே வரி: பள்ளமும் பின் துளையும் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியாத பொருளுக்காக இன்ஜினை இறக்கக் கூடாது.

விலை விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். எந்த பிஸ்டன் போட்டாலும் இன்ஜினை இறக்கி ஏற்றும் கூலி, கேஸ்கெட் செட், பேரிங், ஹெட் வேலை, நாசில் சர்வீஸ், ஆயில், ஃபில்டர் எல்லாம் அதே அளவுதான் வரும். மலிவு செட்டில் மிச்சமாகும் தொகையை பிஸ்டன் விலையோடு ஒப்பிட்டால் பெரிதாகத் தெரியும், மொத்த பில்லோடு ஒப்பிட்டால் சின்னதுதான். மறுபடி இறக்க நேர்ந்தால் அந்த மொத்த பில்லும் இன்னொரு முறை.

ஆக, நெல் லாரியில் 697 என்றால் புது லைனரும் ஸ்டாண்டர்ட் செட்டும். 6பிடி என்றால் அளவு அனுமதித்தால் 0.50. டயர் மிஷினில் லைனர் உள்ள லேலண்ட் என்றால் லைனர் செட், ரிங் வேலையில் காலம் தள்ள வேண்டாம். இரண்டு வருஷத்தில் விற்கப் போகிற வண்டி, போரும் வரம்புக்குள் இருக்கிறது என்றால் மட்டும் ரிங். பிளாக்கில் விரிசலோ மெயின் பேரிங் வரிசையில் கோணலோ தெரிந்தால் பிஸ்டன் பேச்சையே விட்டுவிட்டு வேறு பிளாக் தேடுங்கள்.

கட்டிய பிறகு ரிங் முனை இடைவெளியை ஒவ்வொரு சிலிண்டரிலும் பார்த்தார்களா என்று கேளுங்கள். 6பிடியில் முதல் ரிங்குக்கு 0.40 முதல் 0.70 மி.மீ. வரை. ஓடவிட்ட முதல் நாள் கோவில் தேர் மாதிரி நிறுத்தி வைத்து மணிக்கணக்காக ஐடிலில் ஓட்டுகிற பழக்கம் வேண்டாம். லோடு இல்லாமல் ஓடினால் ரிங்குக்குப் பின்னால் அழுத்தம் சேராது, சுவரில் மினுக்கம் ஏறி ரிங் உட்காராமலே போய்விடும். லாரி என்றால் பாதி லோடு ஏற்றி ஓட்டி, சில நூறு கிலோமீட்டரில் முழு லோடுக்குப் போகலாம். அறுவடை மிஷினுக்கு அறுப்பு வரும்வரை லோடு கொடுக்க வழியில்லை என்பார்கள். குறுவை முதல் நாட்களில் சாயாத, காய்ந்த வயலாகப் பார்த்து, வேகத்தைக் குறைத்து அறுக்கச் சொல்லுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிட்டு, ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். கறுப்புப் பொடி கொஞ்சம் இருக்கும், அது ரிங் உட்காரும்போது வருவது. வெள்ளையாக அலுமினியத் துகள் மின்னினால் வண்டியை வயலில் இறக்க வேண்டாம். பட்டறைக்குத் திருப்புங்கள், அளவு எழுதிய அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.